மடிப்புக் கலையாத சட்டை: குற்றவியல் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் குற்றவியல் நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அய்யா என்றும் அம்மா என்றும் அழைத்து உங்கள் முன்னால் 14 வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறேன். தென்மாவட்டம் ஒன்றில் வழக்கறிஞர். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் ரிமாண்ட் வக்கீல் பட்டியலில் என் பெயர் உண்டு. முறை வருகிற நாளில், வக்கீல் வைக்க வழியில்லாத ஒருவரைக் காவல் துறை கொண்டுவந்து நிறுத்தும்போது, அவருக்காக நான் நிற்க வேண்டும். நிற்பது என்றால் பெரும்பாலும் வெறுமனே நிற்பதுதான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

12 வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை இருக்கும். நடுவர் குடியிருப்பின் வாசல். மழை பெய்து ஓய்ந்திருந்தது, போர்ட்டிகோ டியூப் லைட்டைச் சுற்றி ஈசல். ஜீப்பிலிருந்து ஒரு பையனை இறக்கினார்கள். 22 வயது. இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்திருந்தார்கள். ஓடிவிடுவான் என்று பிடித்த மாதிரி தெரியவில்லை, விழுந்துவிடுவான் என்று பிடித்த மாதிரி இருந்தது. என் கண் போனது அவன் சட்டையின் மேல். புத்தம் புதுச் சட்டை. கடையில் அட்டை வைத்து மடித்த மடிப்பு நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தது. காலருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக்கூட எடுக்கவில்லை. செயின் பறிப்பு வழக்கு. விடியற்காலை வாகனச் சோதனையில் பிடிபட்டதாக ரிமாண்ட் ரிப்போர்ட் சொன்னது. விடியற்காலையில் பிடிபட்டவன் இரவு ஒன்பதரை வரை சட்டை மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறான்.

வக்காலத்தை நீட்டினேன். "கைநாட்டுதான் மேடம்" என்றார் கூட வந்த சிறப்பு உதவி ஆய்வாளர், எஸ்.எஸ்.ஐ. பையன் இடது பெருவிரலை நீட்டினான். மை தடவிப் பதித்துக்கொண்டேன். பிறகுதான் ரிப்போர்ட்டில் கண் பட்டது. கல்வித் தகுதி: ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவன் வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

நடுவர் வெளியே வந்தார். பெயர், அப்பா பெயர் கேட்டார். "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" என்றும் கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்.எஸ்.ஐ. பையனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். பையன் அவரைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான், இல்லை என்று தலையாட்டினான். 15 நாள் நீதிமன்றக் காவல். மொத்தமே நாலு நிமிடம்.

நான் வாய் திறக்கவில்லை. சட்டையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், ஐ.டி.ஐ.யையும் பார்த்தேன். தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம். திங்கட்கிழமை அதே ஸ்டேஷனில் எனக்கு வேறொரு வேலை இருந்தது. நடுவரிடம் வாயாடி என்று பெயர் வாங்கப் பயம். இதில் எந்தக் காரணத்தையும் நான் இன்று நியாயப்படுத்தப் போவதில்லை. உங்களைக் குறை சொல்ல வந்தவள் என் பங்கை மறைத்துக்கொண்டு பேசக்கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

ரிமாண்ட் உத்தரவில் நீங்கள் எழுதும் வாசகம் எனக்கு மனப்பாடம். எதிரி இத்தனை மணிக்கு என் முன் ஆஜர்படுத்தப்பட்டார், கைதுக்கான காரணம் விளக்கப்பட்டது, காவலர்கள் மீது புகார் ஏதும் இல்லை என்றார். ஊர் மாறும், நடுவர் மாறுவார், குற்றப் பிரிவு மாறும். கடைசி வரி மட்டும் மாறாது. 14 வருடத்தில் அந்த வரி வேறு மாதிரி எழுதப்பட்டு நான் பார்த்த உத்தரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனை பேரில் யாருக்குமே புகார் இல்லை என்றால், தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் கைதியை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புகிறார்கள் என்று ஆகிறது. அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், உங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு நிற்கிற டிரைவருக்கும் தெரியும்.

நடுவில் ஒன்று. நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி என்று நான் யாரையும் கேட்டதில்லை. எஃப்.ஐ.ஆரில் எழுதுகிறார்கள், நானும் மனுவில் எழுதுகிறேன், நீங்களும் தீர்ப்பில் எழுதுகிறீர்கள். ஒருவரை எதிரி என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு அவர் கை ஏன் அசையவில்லை என்று கேட்கத் தோன்றாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. எதற்காக அந்தக் கெடு? காகிதத்தில் கையெழுத்து வாங்க மட்டும் என்றால் காகிதத்தை மட்டும் அனுப்பினால் போதுமே, ஆளை எதற்கு ஜீப்பில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டும்? ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் நடுவில், காவல் துறையைச் சேராத ஒரு மனிதர் அந்த உடம்பை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். கொண்டுவரப்பட்டவரிடம் காவலில் சித்திரவதை நடந்ததா என்று நடுவரே கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஷீலா பார்சே வழக்கில் சொன்னது 1983இல். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு. கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று விதி வகுத்த டி.கே. பாசு வழக்கு 1996இல் வந்தது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாதே, காரணம் எழுதாமல் காவலில் வைக்கிற நடுவர் மீதும் துறை நடவடிக்கை வரும் என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு கேட்ட செக்லிஸ்ட் இப்போது அச்சடித்த தாளாகவே வருகிறது. தலைமறைவாகிவிடுவார், டிக். சாட்சிகளைக் கலைப்பார், டிக். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒருமுறை நடக்க முடியாத 70 வயதுப் பெரியவருக்கும் தலைமறைவாகிவிடுவார் என்று டிக் போட்டிருந்தது. தடி ஊன்றிக்கொண்டு எங்கே ஓடப்போகிறார் என்று கேட்டேன். நடுவர் சிரித்துவிட்டார். ஆனால் ரிமாண்ட் ஆனது.

சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் நடுவர் வீட்டு வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது, உள்ளே கூப்பிட ஆள் இல்லை.

ஏன் அடிக்கிறார்கள் என்பதையும் பேசிவிடுவோம். போலீஸ்காரர்கள் எல்லாரும் கொடூரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அடி, வேலையின் ஒரு பகுதியாக இருக்கிறது. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் வருட சாட்சியச் சட்டம் சொன்னது. ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, கைதி சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்குச் சம்பந்தப்பட்ட அளவுக்கு அவர் சொன்னது செல்லும் என்றது. 2024 ஜூலையில் புதுச் சட்டங்கள் வந்தபோது அந்த 27 ஒரு துணை வாசகமாக இடம் மாறி அப்படியே உட்கார்ந்துகொண்டது. லத்தி தேடுவது இந்த ஒரு வாசலைத்தான். ஸ்டேஷன் பாஷையில் சொன்னால் 'ரெக்கவரி'. ரெக்கவரி காட்டினால் இன்ஸ்பெக்டருக்கு மேலே நல்ல பெயர், கீழே ஊரில் நல்ல பெயர், செயினைப் பறிகொடுத்தவருக்கு நிம்மதி. அடிபட்டவனைத் தவிர எல்லாருக்கும் லாபம்.

நிம்மதி என்று சொன்னது கிண்டலுக்காக இல்லை. என் பெரியம்மாவின் தாலிச் செயினைக் காலையில் கோலம் போடும்போது பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கோடு போட்ட மாதிரி காயம், கீழே விழுந்ததில் முன்பல் ஒன்று போயிற்று. அன்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது, வக்கீலாக இருந்தும், பிடித்தால் நாலு தட்டு தட்டட்டும் என்றுதான் என் மனசிலும் ஓடியது. எட்டு மாதம் கழித்து நகை திரும்பக் கிடைத்தது, உருக்கிய கட்டியாக. அது தன்னுடைய தாலிதானா, வேறு யாருடையதா என்று பெரியம்மாவுக்குக் கடைசி வரை சந்தேகம். அந்தக் கட்டியை உருக்கிப் புதுச் செயின் செய்துகொள்ள அவருக்கு மனசு வரவில்லை. யாரை அடித்து வாங்கியதோ என்று ஒருநாள் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் நேற்று வந்தது இல்லை. 1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரித்த ஆணையம் ஒன்று அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும் களவு வழக்குகளிலும் தாசில் சேவகர்கள் குடியானவர்களை என்னென்ன செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஆங்கில அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்றால் ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. சித்திரவதையைவிட அந்த ஆணையத்தை உறுத்தியது இன்னொன்று. பாதிக்கப்பட்டவர்கள் முறையிடுவதற்கு எத்தனை கஷ்டம் என்பது. முறையிடப் போகிற இடத்திலும் அதே ஆட்கள்தானே நிற்கிறார்கள்! வருவாய்த் துறையிடமிருந்து காவலைப் பிரித்து 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்ததற்கு இந்த அறிக்கையும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், 161 வருடம் கழித்து, 2020 ஜூனில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. சாட்சியங்கள் அழிந்துவிடக்கூடாது என்பதற்காக. தாசில்தாரிடமிருந்து பிடுங்கிப் போலீஸிடம் கொடுத்ததை, போலீஸிடமிருந்து பிடுங்கித் தாசில்தாரிடம் கொடுத்த மாதிரி ஆயிற்று.

சாத்தான்குளத்தைப் பற்றி உங்களிடம் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கதையில் இரண்டு நடுவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 19 மாலை, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்து வைத்ததாகச் சொல்லித் தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட். இரத்தம் நனைந்து நனைந்து லுங்கியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். நடுவர் மாடியில் நின்றபடி கையசைத்தார், அவ்வளவுதான் என்று நேரில் கண்டவர்கள் சொன்னதாக அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு இருவரும் அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். விடிவதற்குள் தந்தையும்.

இரண்டாவது நடுவர் கோவில்பட்டியிலிருந்து வந்தார். உயர் நீதிமன்றம் விசாரிக்கச் சொன்னதால் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே நேரில் போனார். அங்கே அவருக்கு நடந்த மரியாதை அவரது அறிக்கையிலேயே இருக்கிறது. கேட்ட ஆவணங்களைக் கொடுக்கவில்லை, ஒரு காவலர் அவரை ஒருமையில் ஏசினார். சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது, ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும். அந்தச் சூழ்நிலையிலும் உட்கார்ந்து, பயந்துகொண்டிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரிடம் வாக்குமூலம் வாங்கினார். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்று அந்த அம்மா சொன்னதும், அவர் எழுதிக்கொண்டதும்தான் அந்த வழக்கின் முதுகெலும்பு. ஒரே தேர்வு எழுதி, ஒரே அகாடமியில் பயிற்சி எடுத்து, ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு பேர். ஒருவர் மாடியிலிருந்து இறங்கவில்லை, இன்னொருவர் ஸ்டேஷன் படி ஏறினார். மாடிப்படி எத்தனை இருந்திருக்கும்? பதினைந்து இருக்குமா?

2025 ஜூன் கடைசியில் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் மடப்புரம் கோவில் காவலாளியின் சாவு. நகை காணவில்லை என்று ஒரு வாய்மொழிப் புகார். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இளைஞர் உடம்பில் 44 காயங்கள். அவர் எந்த நடுவர் முன்பும் வந்து நிற்கவே இல்லை, அதற்கு முன்பே போய்விட்டார். அப்படியானால் எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஸ்டேஷனில் லத்தியைக் கையில் எடுக்கிறவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். நாளைக்கு மேஜிஸ்திரேட் பார்ப்பாரா, மாட்டாரா? பார்க்க மாட்டார் என்று வருடக்கணக்காகப் பழகிவிட்டவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகிறது.

இதற்கு நடுவில் ஊரே ரசிக்கிற ஒரு விஷயம் மாவுக்கட்டு. ரவுடி ஒருவர் சவால் விட்டு வீடியோ போடுவார். மறுநாள் கையில் மாவுக்கட்டோடு ஃபோட்டோ வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று செய்தி. கீழே சிரிக்கிற பொம்மைகள் ஆயிரம். ஸ்டேஷன் கழிவறையில் கைதிகள் மட்டும் வழுக்கி விழுவது எப்படி, போலீஸ்காரர்கள் யாரும் விழுவதில்லையா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு என் வட்டாரத்தில் பலர் சிரித்தார்கள். நான் யோசித்தது வேறு. அந்த மாவுக்கட்டோடு அவரை நேராக எங்கே கொண்டுபோயிருப்பார்கள்? உங்களிடம்தான். உத்தரவில் கடைசி வரி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா என்றால், கொஞ்சம் தெரியும். பகல் முழுக்க நூறு வழக்குக் கட்டு. சம்மன் சார்வு செய்ய, வாரண்ட் நிறைவேற்ற, சாட்சியைக் கொண்டுவர, உங்கள் கோர்ட்டுக்குக் காவல் போட என்று எல்லாவற்றுக்கும் அதே போலீஸ்தான் வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே குழந்தைக்குக் காய்ச்சல். காயம் என்று எழுதினால் விசாரணை, விளக்கம், மேலே கடிதம். நீங்கள் எழுதியதற்காக எஸ்.பி. உங்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சின்ன ஊரில் தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவர்களைப் பகைத்துக்கொள்வது யாருக்கும் சுகமாக இருக்காது. எனக்கே வாய் வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடம் முன்பு பக்கத்துத் தாலுகாவில் ஒரு பெண் நடுவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். முதல் தடவை அவர் வீட்டு வாசலில் ஒரு கைதியோடு போய் நின்றபோது, "எஸ்கார்ட் எல்லாரும் கேட்டுக்கு வெளியே நில்லுங்க" என்றார். ஓடிவிடுவான் என்று இழுத்தார்கள். "ஓடினா நான் பதில் சொல்லிக்கிறேன்." வெளியே போனார்கள். அவர் உள்ளே போய் ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, திண்ணையில் வைத்து, எடுத்துக்கொள் என்றார். அந்த ஆள் நாலு எட்டு நடந்து வந்து எடுக்க வேண்டும். அவர் நடப்பதை அந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தார். விரல்கள் மடங்கவில்லை.

"உக்காருப்பா" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உக்கார முடியாதும்மா" என்றார் அந்த ஆள்.

புகார் இருக்கிறதா என்ற கேள்வியே வரவில்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார், பார்த்தது, கேட்டது, மணி எல்லாம். காயங்களை விவரித்து அரசு மருத்துவமனைக்கு உத்தரவு, வேறு ஸ்டேஷனிலிருந்து எஸ்கார்ட், மருத்துவ அறிக்கை நேராகத் தன் கோர்ட்டுக்கு. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு வரி. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். அறிக்கையின் நகலைக் கைதியிடமே கொடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவிலிருந்தே இருக்கிறது, இப்போதைய புதுச் சட்டத்தில் அது 53. அந்த நகல் ஒரு கைதியின் கையில் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதைவிட முக்கியமானது ஒரு மாதம் கழித்து எனக்குத் தெரிந்தது. அந்த ஸ்டேஷன் ரைட்டர் டீக்கடையில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்பல்லாம் யாரும் கை வைக்கறதில்ல மேடம். அந்தம்மா உக்காரச் சொல்லுவாங்க." இரண்டரை வருடம் அவர் அங்கே இருந்தார். அந்த இரண்டரை வருடமும் அந்த ஸ்டேஷனில் திருட்டைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடவில்லை. சிசிடிவி பார்த்தார்கள், செல்ஃபோன் டவர் எடுத்தார்கள், அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்கினார்கள். கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு மறுபடியும் என்ன ஆயிற்று என்பதையும் எழுதினால் உங்களுக்குச் சோர்வுதான் வரும்.

கைதி நடுவர் முன்னால் உட்காருவதா, மரியாதை என்ன ஆவது என்று ஒரு மூத்த வக்கீல் என்னிடம் கோபப்பட்டார். கோர்ட் ஹாலில் நிற்கட்டும். ரிமாண்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். போலீஸைக் காது கேட்காத தூரத்துக்கு அனுப்புங்கள். அடித்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள், புகார் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். புகார் என்றாலே அவருக்கு இன்னொரு வழக்கு மாதிரித்தான் கேட்கும். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், அதுவும் அவர் வார்த்தையாக இருக்கட்டும். சட்டை புதிதாக இருந்தால் பழைய சட்டை எங்கே என்று கேளுங்கள். படித்தவர் கைநாட்டு வைத்தால் ஏன் என்று கேளுங்கள். இது எதற்கும் புதுச் சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை.

அந்த ஐ.டி.ஐ. பையன் நிரபராதியா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. செயினைப் பறித்தவனாகவே இருக்கலாம். ஜாமீன் மனுவுக்காக மூன்று வாரம் கழித்துக் கிளைச் சிறையில் போய்ப் பார்த்தேன். வக்காலத்தைத் திரும்பக் கேட்டான். எதற்கு என்றேன். "நான் கையெழுத்துப் போடுவேன்க்கா" என்றான். புது வக்காலத்துத் தாளைக் கொடுத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முழங்காலில் வைத்துக்கொண்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, இனிஷியலோடு முழுப் பெயரையும் தமிழில் எழுதினான். ஒவ்வொரு எழுத்தாக, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு. வார்டர் நேரம் ஆகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்த மாதம் மூன்றாவது ஞாயிறு எனக்கு முறை. எந்த நடுவருக்கு அன்று டியூட்டியோ, அவர் வாசலில் இருப்பேன். இந்தத் தடவை பார்த்ததைச் சொல்வேன், நீங்கள் எழுதாவிட்டால் எழுத்துமூலமாக மனு கொடுப்பேன், வாங்கிக்கொண்டு தேதியும் நேரமும் போட்டுத் தாருங்கள். அப்புறம், போர்ட்டிகோவில் நாற்காலி இல்லையென்றால் முன்கூட்டியே பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லியனுப்புங்கள். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் சும்மா கிடக்கிறது, ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரிமாண்ட் வக்கீல்